விசாரியாத தீர்ப்பு

பிறரைப் பற்றி நாம் கொள்ளும் முடிவு அவர்தம் செயலைக் கொண்டு மட்டும் பிறப்பதன்று. அவ்வேளையில் நம் மனம் இருந்த நிலையும் அதில் கலந்துவிடுகிறது. சிலப்பதிகாரம் இதற்குச் சான்று.

பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். அன்று ஆடல் மகளிரின் கூத்தில் அவன் உள்ளம் சென்றதென எண்ணி, அரசி தலைவலியைச் சாக்கிட்டு ஊடிச் சென்றாள். அவளைத் தேற்ற விரைந்தவன் முன், அவள் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனே வந்து நின்று, கள்வன் அகப்பட்டான் என்றான். மன்னன் விசாரணையின்றி ஆணையிட்டான். கோவலனை நேரில் கண்ட காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்று தயங்கினர். கள்வரின் தந்திரங்களை எடுத்துக்கூறி அந்த ஐயத்தையும் பொற்கொல்லன் போக்கிவிட்டான்.

இரு சிலம்பும் பார்வைக்கு ஒன்றே. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகி உடைத்ததிலோ மாணிக்கம் தெறித்தது. "உள்ளிருக்கும் பரல் யாது?" என்ற ஒரு கேள்வி முன்னரே எழுந்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்.

அன்பர்களே! அன்னதானத்தில் ஒருவர் இரண்டு பொட்டலம் கேட்கிறார். காலையிலிருந்து நின்று களைத்த நமக்கு அது பேராசையாகப் படும். அவர் வீட்டில் எழ இயலாத தாயார் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். "மற்றொன்று யாருக்கு ஐயா?" என்று கனிவுடன் கேட்டால் தெரிந்துவிடும். உதவி நாடி வரும் ஒவ்வொருவரிடமும் இதுவே முறை.

சிலம்பு உடையுமுன் பரலைக் கேட்கும் நிதானத்தை இறைவன் நமக்கு அருள்வானாக.