அச்சுக்கூடத்தில் அமர்ந்த காழிகள்

புதிய கருவி ஒன்று வந்தால் பழமை பேணுவோர் முதலில் மறுப்பார்கள், பின்னர் ஓசையின்றிப் பயன்படுத்துவார்கள் என்று கேலி பேசுவதுண்டு. உதுமானிய ஆட்சியில் அச்சியந்திரம் நுழைந்த வரலாற்றுக்கு அந்தக் கேலி பாதியளவே பொருந்தும்.

இஸ்தான்பூலில் யூதர்கள் 1493 இலேயே அச்சுக்கூடம் வைத்திருந்தார்கள். முஸ்லிம்களின் அச்சுக்கூடத்துக்கு 1727 இல்தான் அனுமதி கிடைத்தது. இந்தத் தாமதத்தால் அறிவு பரவுவதில் நேர்ந்த இழப்பு பெரிது. ஆனாலும் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கையால் பிரதி செய்பவர் விட்ட பிழை அந்தப் பிரதியோடும் அதைப் பார்த்து எழுதியவற்றோடும் நின்றுவிடும். அச்சில் விழுந்த பிழையோ ஆயிரம் வீடுகளுக்குப் போய்ச் சேரும். 1537-38 அளவில் வெனிஸில் அச்சான அல்குர்ஆனில் 'தால்' எழுத்தையும் அதன் புள்ளியிட்ட இணையெழுத்தையும் வேறுபடுத்தவே இல்லை. ஒரு புள்ளியால் சொல்லே மாறிவிடும் என்பது குர்ஆன் மத்ரஸாவில் நாம் சிறுவயதிலேயே கற்றதுதானே!

இப்ராஹீம் முத்தபர்ரிகா அனுமதி கேட்டபோது, ஷைகுல் இஸ்லாமின் பத்வாவுடன் சுல்தான் மூன்றாம் அஹ்மத் இசைவளித்தார். அகராதி, வரலாறு, வானியல் போன்றவற்றை அச்சிடலாம். மார்க்க நூல்களை அச்சிடக் கூடாது. அத்தோடு, பிழை திருத்துவதற்கென ஆலிம்கள் சிலர் நியமிக்கப்பட்டனர். முன்னாள் காழிகளும் அவர்களுள் இருந்தனர். 1729 இல் முதல் நூலாக ஓர் அறபு-துருக்கி அகராதி ஆயிரம் பிரதிகள் வெளிவந்தது.

மார்க்க நூல்களை விலக்கியதைவிட இந்த நியமனமே சிறந்த விடை என்பேன். தேர்ந்த திருத்துநர் இருக்கும்போது விலக்கு எதற்கு? 1924 இல் கெய்ரோவில் வெளியான அல்குர்ஆன் பதிப்பு இதற்குச் சான்று. பாடசாலைகளில் இருந்த அச்சுப் பிரதிகளில் பிழைகள் கண்டபோது எகிப்தியர் அச்சை நிறுத்தவில்லை. அறிஞர் குழுவொன்றை அமர்த்திச் சீரான பதிப்பைத் தந்தார்கள்.

இன்று வட்ஸ்அப்பில் வரும் 'ஹதீஸ்' பலவற்றில் அறிவிப்பாளர் பெயருமில்லை, நூற்பெயருமில்லை. செயற்கை நுண்ணறிவோ சிலவேளை இல்லாத நூலுக்கும் பக்க எண் தருகிறது! வீடுகளிலோ கைபேசியைக் கொடுப்பதா, பறிப்பதா என்ற வாதம் மட்டுமே நடக்கிறது. அன்று காழிகள் அமர்ந்த ஆசனம் இங்கே காலியாகக் கிடக்கிறது.

சகோதரிகளே, வகுப்புக்கு இருவர் முன்வந்தால் போதும். வாரத்துக்கு ஒரு செய்தியை எடுத்து நூலகத்து ஹதீஸ் தொகுப்புகளில் தேடுவோம். ஐயம் வந்தால் இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கேட்போம். கண்டதையும் காணாததையும் அறிவித்தல் பலகையில் எழுதி வைப்போம்.