தொட்டிக்குள் ஒரு குடும்பம்: சிக்லிட் மீன்களும் அவற்றின் குஞ்சு வளர்ப்பும்



மீன் முட்டையிடும், இட்டபின் திரும்பியும் பாராது போய்விடும் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். பெரும்பாலான மீன்களுக்கு அது பொருந்தும். ஆயினும் சிக்லிட் என்னும் மீன் குடும்பத்துக்கு அது பொருந்தாது. இவை முட்டையைக் காவல் காத்து, குஞ்சுகளை மேய்த்து, பகைவரை விரட்டி வளர்ப்பவை. ஆபிரிக்காவிலும் தென், மத்திய அமெரிக்காவிலுமே இவற்றின் இனங்கள் மிகுதி. கேரளத்தார் விரும்பியுண்ணும் கரிமீனும் இக்குடும்பத்தினதே. அது இலங்கையின் களப்புகளிலும் வாழ்கின்றது. தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை எனப்படும் திலாப்பியா, ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டதும் 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டதுமான சிக்லிட் ஆகும். அதன் தாய் முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கச் செய்கின்றது. உங்கள் பாட்டியாரின் குழம்புச் சட்டிக்கும் இக்கட்டுரைக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு!

வீட்டில் முதன்முதலாக முயல்வோர்க்கு ஏற்றது கொன்விக்ட் சிக்லிட். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீனின் சாம்பல் நிற உடலிற் கரும்பட்டைகள் குறுக்காக ஓடும். பழைய சிறைக் கைதிகளின் உடையை ஒத்திருப்பதாற் 'கைதி' என்னும் பொருள்படும் இப்பெயரைப் பெற்றது. ஆண் பெரியது, துடுப்புகள் நீண்டவை. பெண் சிறியது; அதன் வயிற்றிற் செம்மஞ்சள் நிறம் படிந்திருக்கும். மீன்களில் ஆணே அழகு என்னும் பொதுவிதி இங்கே தலைகீழாகின்றது.

ஒரு சோடிக்கு ஏறத்தாழ 100 லீற்றர் கொள்ளும் தொட்டி வேண்டும். புதுத் தொட்டியில் நீரை நிரப்பிய அன்றே மீனை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சாகும். அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். குழாய்நீரையும் நம்பிவிடக் கூடாது. குளோரின் கலந்த நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் அது வெளியேறிவிடும். ஆனால் ரொறன்ரோ போன்ற நகரங்களிற் சேர்க்கப்படும் குளோரமீன் அவ்வாறு எளிதிற் போகாது. அதற்குரிய நீர்மருந்தைக் கடையில் வாங்கிக் கலத்தல் வேண்டும். வெப்பமூட்டியால் நீரை 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை வைத்திருங்கள்.

பக்கவாட்டிற் படுக்கவைத்த ஒரு மண் பூச்சாடியே பிரசவ அறை. சோடி சேர்ந்ததும் இரண்டும் அதனுட் புகுந்து சுவரை வாயாற் சுத்தஞ் செய்யும். பின்னர் பெண் நூறு, இருநூறு முட்டைகளை ஒட்டிவிடும். அது இரவும் பகலும் துடுப்பால் விசிறி நீரோட்டம் உண்டாக்கும்; ஆண் வாயிலிற் காவல் நிற்கும். கெட்டுப்போன முட்டைகள் வெண்ணிறமாகும்; அவற்றைப் பெற்றோரே அகற்றிவிடும். முதன்முறை முட்டையிட்ட இளஞ்சோடி சில வேளைகளில் அனைத்தையும் தின்றுவிடுவதுண்டு. இதற்காக மனம் தளர வேண்டாம், மீனைக் கோபிக்கவும் வேண்டாம். அடுத்த முறை கற்றுக்கொள்ளும்.

ஏறக்குறைய மூன்று நாளிற் குஞ்சு பொரிக்கும். அப்போது அவை நீந்தமாட்டா. வயிற்றில் உள்ள கருவூண் பையே உணவு. பெற்றோர் மணலிற் குழி தோண்டி, குஞ்சுகளை வாயாற் கௌவி அங்கே இடம் மாற்றும். மேலும் நான்கைந்து நாட்களில் அவை முகில்போலக் கூட்டமாக எழுந்து நீந்தும். இக்காட்சிக்காகவே இரவில் நித்திரை விழித்திருக்கலாம்!

இனித்தான் நமது வேலை தொடங்குகின்றது. பொரித்தவுடன் எடுத்த ஆட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால் மிகச் சிறந்த உணவு. ஒரு லீற்றர் நீரில் 25 கிராம் உப்பைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி ஆட்டீமியா முட்டையை இட்டு, இளஞ்சூட்டில் வைத்துக் காற்றுக் குமிழி விடுங்கள். 24 முதல் 36 மணி நேரத்திற் பொரித்துவிடும். காற்றை நிறுத்தி ஒரு பக்கத்தில் விளக்கைக் காட்டினால் இறால்கள் ஒளியை நாடித் திரளும். அவற்றை உறிஞ்சி, நன்னீரிற் கழுவி, நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்மீன் துடுப்பால் அடிமணலைக் கிளறிக் குஞ்சுகளுக்கு உணவை எழுப்பிக் கொடுப்பதையும் அப்போது காணலாம். எஞ்சிய உணவு நீரைக் கெடுக்கும். ஆகவே நீரிற் காற்பங்கையேனும் வாரந்தோறும் மாற்றுங்கள். எனது முதலாவது குஞ்சுக் கூட்டத்தில் பாதிக்கு மேல் ஓரிரவில் வடிகட்டியின் வாய்க்குட் போயிற்று. பிழை என்னுடையதே. குஞ்சுத் தொட்டிக்குப் பஞ்சு வடிகட்டியே ஏற்றது.

நோபல் பரிசு பெற்ற ஒஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ், ஜுவல் சிக்லிட் என்னும் ஆபிரிக்க மீனின் தந்தை ஒன்றைப் பற்றி எழுதியுள்ளார். அது வாயிற் புழுவை மென்றுகொண்டிருக்கையில் வழிதவறிய குஞ்சொன்றைக் கண்டு அதனையும் கௌவிற்று. ஒன்று வயிற்றுக்கு, மற்றொன்று வீட்டுக்கு. சிறிது நேரம் அசையாது நின்ற அம்மீன் இரண்டையும் துப்பி, புழுவை விழுங்கி, பின்னர் குஞ்சை எடுத்துச் சென்றதாம்.

அதே ஜுவல் சிக்லிட்டின் மற்றொரு கதை நமது கனடாவிலேயே உள்ளது. அல்பேர்ட்டா மாகாணத்தின் பான்ஃப் தேசியப் பூங்காவில் வெந்நீரூற்றுகள் உள. நுளம்பைக் கட்டுப்படுத்த 1924இல் ஒருவகை மீன் அங்கே விடப்பட்டது. பின்னர் வீட்டுத் தொட்டிகளில் மீன் வளர்த்தோர், ஜுவல் சிக்லிட் உட்படப் பல வெப்பநாட்டு மீன்களை விட்டனர். வெந்நீரில் அவை பனிக்காலத்திலும் பிழைத்துப் பெருகின. அந்நீரில் மட்டுமே வாழ்ந்த பான்ஃப் லோங்நோஸ் டேஸ் என்னும் சிறுமீன் 1980களில் முற்றாக அற்றுப்போயிற்று. நீர் மாசும் காரணமாயினும், வந்தேறிய மீன்களுக்கும் அதிற் பங்குண்டு. அவற்றை விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். கொல்ல மனமின்றியே விட்டிருப்பர்.

ஆகையால், பூச்சாடியைத் தொட்டியில் வைக்குமுன் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து, நூறு குஞ்சுகள் எங்கே போகும் என்று பேசிக்கொள்ளுங்கள். கொன்விக்ட் மலிந்த மீனாதலாற் கடைக்காரர் பலர் வாங்கமாட்டார். முன்னரே கேட்டு வையுங்கள். ஒரு முறை வளர்த்துப் பார்த்தபின் ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு தொட்டிகளிற் பிரித்துவிடுங்கள். மீண்டும் முட்டையிட்டால், பொரிக்குமுன் சாடியோடு வெளியே எடுத்துவிடலாம். வளர்ந்த குஞ்சுகளை நண்பர்க்குக் கொடுப்பதாயின் வெப்பமூட்டியும் வடிகட்டியும் உள்ள வீட்டுக்கே கொடுங்கள். பிறந்தநாள் விழாவிற் பொலித்தீன் பையில் ஆளுக்கொன்றாக வழங்க வேண்டாம்.