வேகம் குறைந்தால் விசுவாசம் குறைந்ததா?

கேள்வி: ஐயா, திருமணத்துக்கு முன் அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஜெபித்தவள் நான். ஒரே வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடித்திருக்கிறேன். இப்போது 8 மாதக் கைக்குழந்தை இருக்கிறது. மாமியாருக்கும் உடம்பு முடியவில்லை. வேதத்தைத் திறந்தால் ஓர் அதிகாரம் முடியுமுன்னே கண் சொருகுகிறது. கிடைக்கிற கொஞ்ச நேரத்திலும் கை தானாக போனுக்குப் போகிறது. முன்பெல்லாம் ஆராதனையில் பாடும்போது கண்ணீர் வரும். இப்போது ஒன்றும் வருவதில்லை. சபையில் ஒரு அக்கா, நான் பின்மாற்றத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து மனசே சரியில்லை. ஆண்டவரை விட்டுத் தூரமாகப் போய்விட்டேனா?
- ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஓர் அதிகாரம் முடியுமுன்னே கண் சொருகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி மூன்று தடவை எழுந்து பால் கொடுக்கிற தாய்க்குக் கண் சொருகத்தான் செய்யும். அதற்குப் பின்மாற்றம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். முந்தின அதிகாரத்தில்தான் எலியா கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டார். அடுத்ததாக யேசபேலிடமிருந்து ஒரு மிரட்டல் வந்தது. அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி பெயெர்செபாவைத் தாண்டி வனாந்தரத்துக்குள் ஒருநாள் தூரம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, சாக வேண்டும் என்று கேட்டார். கர்த்தர் அவரை என்ன செய்தார்? கண்டிக்கவில்லை, உபவாசம் இருக்கச் சொல்லவுமில்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டியெழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட ஓர் அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதையும் கர்த்தர் பொறுத்தார். இரண்டாம் முறை எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகுதான் ஓரேப் மலைக்கு 40 நாள் பயணம். நம் பிரசங்க மேடைகளில் கர்மேலின் அக்கினியைப் பற்றி நிறையக் கேட்கிறோம். இந்த அடையைப் பற்றிப் போதுமான அளவு கேட்பதில்லை. சோர்ந்துபோன சரீரத்தை ஆவிக்குரிய குற்றவாளியாக்கி நிறுத்துவது எனக்குச் சம்மதமே இல்லை.

என் தாயாரின் வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. கறுப்பு அட்டை பிய்ந்து, துணி ஒட்டித் தைத்தது. வாசித்து முடித்த இடத்தில் பென்சிலால் சின்னதாகத் தேதி போட்டு வைப்பது அவர்கள் வழக்கம். நல்ல நாட்களில் ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் நடுவே மூன்று நான்கு அதிகாரங்கள் ஓடியிருக்கும். என் தகப்பனார் இறந்த மாதத்தில் பார்த்தால், 88ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் மட்டும் 19 தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. இருளில் தொடங்காவிட்டாலும் இருளிலேயே போய் முடிகிற சங்கீதம் அது. 19 நாளும் அம்மா அதைத் தாண்டி ஒரு பக்கம்கூடப் போகவில்லை. ஆனால் 19 நாளும் திறந்திருக்கிறார்கள். விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பென்சில் எழுத்துதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே நாலு மணி ஜெபத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பிள்ளை வளர்ந்தபின் அது திரும்ப வரும். இன்றைக்கு ஒரு சங்கீதம் போதும்; நீளமானதாக இருந்தால் நாலு வசனம் போதும். சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் முடிந்துவிடும். பால் கொடுக்கும்போது வாய்விட்டு ஜெபியுங்கள், பிள்ளையும் கேட்கட்டும்.

போன் விஷயத்தை மட்டும் நான் லேசாக விடமாட்டேன். களைத்த நேரத்தில் கை எதைத் தேடுகிறதோ அதற்கே மனம் பழகிப்போகும். போனை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, அது வழக்கமாக இருக்கும் இடத்தில் வேதாகமத்தைத் திறந்தபடியே வையுங்கள். மூடி அலமாரியில் வைத்த வேதம் களைத்தவர்களுக்கு எட்டாது.

இன்னொன்று. பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, எதிலுமே பிடிப்பில்லாமல் போகிறதா? அப்படியானால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு பல தாய்மாருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாரும் சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த அக்கா கேட்டாலும் கோபப்படாமல், வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரச் சொல்லுங்கள்.

கேள்வி: 6 வருடமாக எங்கள் ஊர் ஞாயிறு பள்ளியில் வகுப்பு எடுக்கிறேன். 30 பிள்ளைகள் வந்த இடத்தில் இப்போது 9 பேர்தான் வருகிறார்கள். படித்துப் போனவர்களில் பாதிப்பேர் கோயில் பக்கமே வருவதில்லை. பலன் தெரியாத ஊழியத்தை எத்தனை நாள் செய்வது?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: தம்பி, தரங்கம்பாடி உங்களுக்கு எட்டுகிற தூரம்தானே. புது எருசலேம் ஆலயத்துக்கு ஒருநாள் போய், சீகன்பால்குவின் கல்லறை அருகே சற்று நில்லுங்கள். 1706 ஜூலை 9 அன்று அந்தக் கரையில் இறங்கிய அந்த ஜெர்மானிய இளைஞருக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் தளபதி அவரைச் சிறையில் போட்டார், நாலு மாதம். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது.

பிறகு பழைய ஏற்பாட்டைக் கையில் எடுத்தார். 1719இல், 36 வயதில், இறந்தபோது ரூத் வரைதான் வந்திருந்தார். மீதியை மொழிபெயர்த்து முடித்தவர் பெஞ்சமின் ஷூல்ட்சே. அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது சீகன்பால்கு கல்லறையில் இருந்தார். தமிழில் முழு வேதாகமத்தை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. நானும் நீங்களும் பார்க்கிறோம்.

நீங்கள் விதைத்தது எந்தப் பிள்ளைக்குள் எந்த வயதில் முளைக்கும் என்று உங்களிடம் சொல்ல யாராலும் முடியாது. அதனால் எண்ணிக்கையைப் பார்த்து வகுப்பை நிறுத்தாதீர்கள். அதேசமயம் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று விசாரிக்காமலும் இருக்காதீர்கள். ஞாயிறு காலையில் டியூஷன் வைத்துவிட்டார்களா, அப்பா அம்மா வேலைக்கு வெளியூர் போய்விட்டார்களா, வகுப்பில் யாராவது கேலி செய்தார்களா? ஆறு வருடம் ஒரே பாடத்தை ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறோமா என்றும் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

வருகிற ஞாயிறு அந்த 9 பேருக்கும் நன்றாகத் தயாரித்துக்கொண்டு போய் வகுப்பு எடுங்கள். வராத 21 பேர் வீட்டுக்கும் வாரத்துக்கு ஒரு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 21 வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.