ஆள்காட்டி கத்தினால்

அன்புள்ள மருமகளுக்கு,

பைனாகுலர் வந்து சேர்ந்ததா? "பிள்ளை கண்மாய்க்கரையே கதின்னு கிடக்கு, ஒரு வார்த்தை சொல்லுண்ணே" என்றாள் உன் அம்மா. போகாதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எப்படிப் போக வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் கருவி எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டும், சுற்றியிருப்பதை மறைத்தும்விடும். அதைக் கண்ணில் வைத்தபடி ஓரடிகூட நடக்காதே. நம் பக்கத்துக் காடுகளில் சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறுகளைச் சீமைக்கருவேலம் விளிம்புவரை மூடிக் கிடக்கும். கல்லிடுக்கில் சுருட்டை விரியன் இருக்கும். கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பாளையம்பட்டியில் உனக்கொரு காவல்காரன் உண்டு: ஆள்காட்டிக் குருவி. பெயரே சொல்கிறதே! நீ நடக்கும்போது அது தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால், பக்கத்தில் முட்டை இருக்கலாம். கூழாங்கல் போலத் தரையிலேயே கிடக்கும். வந்த வழியே திரும்பிவிடு. நீ அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் கத்தினால் வேறு ஆளோ நாயோ வருவதாக அர்த்தம். கருவியை இறக்கிவிட்டுப் பார். வருகிற ஆள் சரியில்லை என்று தோன்றினால் மரியாதை பார்க்காமல் கிளம்பு. 1098 உன் வயதுப் பிள்ளைகளுக்கான உதவி எண்.

நம்மைப் பார்த்துப் பிறரும் சந்தேகப்படுவார்கள். 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், நாயைக் கட்டித்தான் கூட்டிவர வேண்டிய ஒரு தோப்பில், கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினப் பறவை ஆர்வலர் அவிழ்த்துவிட்ட நாயைக் கட்டச் சொன்னார். நாய்க்காரப் பெண் போலீசுக்குப் போன் போட்டு, ஒரு கறுப்பர் தன்னை மிரட்டுவதாகச் சொன்னார். கூப்பர் குரலை உயர்த்தாமல் அதைப் போனில் படமெடுத்தார். உலகம் அவரை நம்பியது அந்தப் படத்தால்தான். (முன்னதாக நாய்க்குக் கூப்பர் தீனி நீட்டினாராம்; அதில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. ஊரான் நாயோடு நமக்கென்ன?)

நம்மூரில் சந்தேகம் வேறு மாதிரி: "புறம்போக்கை அளக்க வந்திருக்காகளா?" ஆடு மேய்க்கிற தாத்தாவிடம் முதலில் கருவியைக் கொடு. ஒருமுறை கொக்கைக் கிட்டத்தில் பார்த்துவிட்டால் அவர் உன் பக்கம். ஆட்கள் குளிக்கிற பக்கம் மட்டும் அதைத் திருப்பவே கூடாது.

பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிடம் பார்த்து எழுதினால் போதும். அதற்கு நான் வருகிறேன். அதுவரை பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் துணைக்குக் கூட்டிக்கொள். எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ.

அன்புடன்,
உன் மாமா