போகிறவர்களும் ஆயத்தம், அனுப்புகிறவர்களும் ஆயத்தம்



நம்முடைய சபையிலிருந்து ஆறு பேர் உகாண்டா தேசத்திற்கு இரண்டு வார ஊழியப் பிரயாணம் போக ஆயத்தமாகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அந்தத் தேசத்திற்கு இரண்டு முறை போய் வந்தவன் என்பதால், வெள்ளிக்கிழமை இரவுகளில் குழுவுக்கு வகுப்பு எடுக்கும் பொறுப்பை பாஸ்டர் ஐயா என்னிடம் கொடுத்தார்கள். "வகுப்பில சொல்றத சபை முழுசும் படிக்கணும், எழுதிக் கொடுங்க" என்றும் சொன்னார்கள். போகிறது ஆறு பேர்தான். ஆனால் அனுப்புகிறது நாம் எல்லாரும்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஆயத்தம் என்பது அவிசுவாசம் அல்ல. அது நம்மை வரவேற்கிற ஜனங்கள்மேலும், நம்மை அனுப்புகிற ஜனங்கள்மேலும் நாம் வைக்கிற அன்பு. இதைப் பகுதி பகுதியாய்ப் பார்ப்போம். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. அனுப்பின சபையைப் பாருங்கள் (அப்போஸ்தலர் 13:1-3)

பவுலையும் பர்னபாவையும் அனுப்பினது அந்தியோகியா சபை. அவர்கள் உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பினார்கள். யார் யார் அங்கே இருந்தார்கள் என்று முதலாம் வசனத்தில் கவனியுங்கள். நீகர் என்னப்பட்ட சிமியோன் இருக்கிறார். நீகர் என்றால் கறுப்பு நிறத்தவர் என்று பொருள். சிரேனே ஊரானாகிய லூகி இருக்கிறார். சிரேனே இன்றைய லிபியாவில், ஆப்பிரிக்கக் கண்டத்தில் இருக்கிற இடம். அப்படியானால் முதல் மிஷனெரிப் பிரயாணத்தை அனுப்பி வைத்தவர்களிலேயே ஆப்பிரிக்க மண்ணைச் சேர்ந்தவர் இருந்தார்!

இதை ஏன் சொல்கிறேன்? "பாவம், ஆப்பிரிக்கா ஜனங்க, நாமதான் போய் வெளிச்சம் காட்டணும்" என்கிற எண்ணம் நம்மில் சிலருக்கு உண்டு. நிறத்தைப் பார்த்து ஆளை எடை போடுகிற பழக்கம் நம் வீடுகளில் பெண் பார்க்கிற இடத்திலேயே ஆரம்பிக்கிறது. மோசேயின் எத்தியோப்பிய மனைவியைக் குறித்துப் பேசின மிரியாமுக்கு என்ன நேரிட்டது என்று எண்ணாகமம் 12-ல் படியுங்கள். இந்தப் பாவத்தை இங்கேயே சிலுவையண்டை இறக்கி வைத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

2. போகிற தேசத்தை அறிந்துகொள்ளுங்கள்

உகாண்டாவில் 2014-ஆம் ஆண்டு குடிமதிப்பின்படி நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். 1877-ல் முதல் மிஷனெரிகள் அங்கே வந்தார்கள். பத்து வருஷத்திற்குள்ளாகவே அந்தச் சபை இரத்தச் சாட்சிகளைக் கொடுத்துவிட்டது. 1886 ஜூன் 3-ஆம் தேதி, முவாங்கா அரசனின் அரண்மனையில் வேலை செய்த வாலிபர்கள் பலர் நமுகோங்கோ என்ற இடத்தில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். ஆங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் ஒரே நெருப்பில் மரித்தார்கள்.

எழுப்புதலைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். 1929-ல் கம்பாலா நகரின் நமிரெம்பே குன்றில் சிமியோனி நிசிபாம்பி என்ற உகாண்டா சகோதரரும், ஜோ சர்ச் என்ற ஆங்கில டாக்டரும் சேர்ந்து வேதம் வாசித்து ஜெபித்தார்கள். 1930-களில் ருவாண்டா, உகாண்டா, கென்யா, தான்சானியா என்று பரவின கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதலின் ஆரம்பங்களில் அது ஒன்று. அந்த எழுப்புதலில் கறுப்பரும் வெள்ளையரும் ஒருவர்முன் ஒருவர் பாவத்தை அறிக்கையிட்டு ஒப்புரவானார்கள். 1948-ல் அதே எழுப்புதலில் இரட்சிக்கப்பட்ட ஜனானி லுவும் பின்னாளில் பேராயரானார். இடி அமீனின் கொடுமையைத் தட்டிக் கேட்டதற்காக 1977 பிப்ரவரியில் கொல்லப்பட்டார்.

நாம் போவது இப்படிப்பட்ட சபையினிடத்திற்கு. கொடுக்கப் போகிறோம், சரி. அதைவிட அதிகமாய் வாங்கிக்கொள்ளப் போகிறோம்.

இன்னொரு காரியம். 1972-ல் இடி அமீன், ஆசியர்கள் தொண்ணூறு நாளைக்குள் தேசத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டான். இந்திய வம்சத்தார் ஆயிரமாயிரமாய் வீடும் கடையும் விட்டு வெளியேறினார்கள். அது பெரிய அநியாயம். ஆனாலும் அங்குள்ள முதியவர்களைக் கேட்டால், வேலைக்காரரை ஏளனமாய் நடத்தின சில முதலாளிகளைப் பற்றியும் சொல்வார்கள். இந்திய முகத்தோடு போகிற நாம் வண்டி ஓட்டுகிறவரிடமும் சமையல் செய்கிற அம்மாவிடமும் எப்படிப் பேசுகிறோம் என்பதே நம்முடைய முதல் பிரசங்கம்.

3. நெகேமியாவின் கடிதங்கள் (நெகேமியா 2:4-9)

நெகேமியா ராஜாவுக்குப் பதில் சொல்லுமுன் ஜெபித்தார். ஜெபித்த அதே வாயினால் வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதங்களும் கேட்டு வாங்கினார். நம்முடைய கடிதங்கள் பாஸ்போர்ட்டும் விசாவும். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்திற்கு மேல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பெயரின் எழுத்து டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டிலும் ஒன்றாய் இருக்க வேண்டும். இனிஷியல் விஷயத்தில் நம் ஆட்கள் தடுமாறுவது வழக்கம்.

உகாண்டா விசாவை அந்த அரசாங்கத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வருகிற காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். "டூரிஸ்ட்னு போட்டா ஈஸியா கிடைக்கும் பிரதர்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அழைக்கிற சபையின் கடிதத்தை வைத்து, எந்த விசா சரி என்று முன்னதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தியத்தைப் பிரசங்கிக்கப் போகிறவன் வாசலிலேயே பொய் சொல்லி நுழையலாமா?

4. விசுவாசமும் ஊசியும்

வகுப்பில் அதிகம் பேசப்பட்டது இதுதான். ஒரு சகோதரர் எழுந்து, "விசுவாசத்துல போறவனுக்கு ஊசி எதுக்கு பிரதர்?" என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்டார். அதனால் நிதானமாய்ப் பதில் சொல்கிறேன்.

எஸ்றா வழிக்குப் போர்ச்சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு உபவாசித்தார் (எஸ்றா 8:21-23). நெகேமியாவோ ராஜா அனுப்பின சேவகரோடு போனார். இரண்டு பேரையும் கர்த்தர் நடத்தினார். உங்கள் சொந்த சரீரத்தைக் குறித்து நீங்கள் எஸ்றாவாய் இருக்கலாம். ஆனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி உங்கள் சரீரத்தோடு முடிகிற காரியம் அல்ல.

மஞ்சள் காய்ச்சல் கொசுவினால் பரவுகிற நோய். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. நம் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு நம் தெருவிலேயே இருக்கிறது. டெங்குவைக் கொண்டுவருகிற அதே கொசுதான். நோய்க்கிருமியைச் சரீரத்தில் சுமந்துகொண்டு ஒருவர் இறங்கினால் போதும், நம் பிள்ளைகளுக்கு அது வந்துவிடலாம். ஆகையால்தான் நம் அரசாங்கம் இதில் இவ்வளவு கண்டிப்பாய் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் அந்தத் தேசங்களிலிருந்து வந்து இறங்குகிறவரை ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்துவார்கள். உகாண்டாவுக்குள் நுழையவும் அந்தச் சான்றிதழ் வேண்டும். இந்த ஊசி என் பயத்திற்காக அல்ல. என் தெருவில் விளையாடுகிற குழந்தைக்காக.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். ஆகவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படிப்பட்ட ஒன்று. ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். 2016 முதல் அப்படி மாற்றியிருக்கிறார்கள். கர்ப்பிணிகள், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், அறுபது வயது கடந்தவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் டாக்டரிடம் சொல்லிக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

மலேரியாவுக்கு ஊசிக்குப் பதில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுப்பார். புறப்படுமுன் ஆரம்பித்து, ஊர் திரும்பின பிறகும் அவர் சொல்கிற நாள்வரை சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. ராத்திரி கொசுவலைக்குள் படுங்கள். திரும்பி வந்து சில வாரம், ஏன் சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், "நான் உகாண்டா போய் வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்கேயுள்ள மலேரியாவில் பெரும்பாலானது உயிருக்கு ஆபத்தான வகை. தாமதம் கூடாது.

5. வியாதியஸ்தருக்காக ஜெபிக்கும்போது (லூக்கா 17:11-19)

பிரியமானவர்களே, இந்தப் பகுதியை மிகுந்த பாரத்தோடு எழுதுகிறேன். கர்த்தர் சுகமாக்குகிறவர் என்று நான் முழு நிச்சயமாய் விசுவாசிக்கிறேன். கூட்டங்களில் வியாதியஸ்தர் வரிசையாய் வருவார்கள். கை வைத்து ஜெபியுங்கள். ஆனால் ஒருவரிடமும் "மாத்திரையை நிறுத்துங்க" என்று சொல்லாதீர்கள்.

உகாண்டா 1980-களிலும் 90-களிலும் எய்ட்ஸ் நோயினால் மிகவும் அடிபட்ட தேசம். தகப்பனும் தாயும் போய், பாட்டிமாரே பேரப்பிள்ளைகளை வளர்த்த வீடுகள் அநேகம். இன்று எச்.ஐ.வி உள்ளவர்கள் தினமும் மாத்திரை சாப்பிட்டு நல்ல சுகமாய் வாழ்கிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள், சபையில் பாடுகிறார்கள். ஒழுங்காய்ச் சாப்பிட்டால் இரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படி இருக்கும் வரைக்கும் துணைவருக்கும் தொற்றாது. நிறுத்தினால் கிருமி மறுபடியும் எழும்பும். மேடையில் வெளிநாட்டு ஊழியக்காரர் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி ஒரு தாய் மாத்திரையை நிறுத்தினால், நாம் விமானம் ஏறிப் போய்விடுவோம். அந்தப் பிள்ளைகளோ அங்கேயே இருப்பார்கள்.

இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினபோது என்ன சொன்னார்? ஆசாரியருக்குக் காண்பியுங்கள் என்று அனுப்பினார். சுகம் உண்மையானால் பரிசோதனைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆகவே ஜெபித்த பிறகு இவ்வளவே சொல்லுங்கள்: "கர்த்தர் உங்களோடு இருக்கிறார். மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள்." ஆறு பேரும் இதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொண்டார்கள்.

6. நாவும் தட்டும் (லூக்கா 10:5-8)

உகாண்டாவில் வணக்கம் சொல்லாமல் காரியத்திற்கு வரமாட்டார்கள். கம்பாலா பக்கம் பேசுவது லுகாண்டா மொழி. "ஓலி ஓட்யா" என்றால் எப்படி இருக்கிறீர்கள். "வெபாலே" என்றால் நன்றி. "முகாமா" என்றால் கர்த்தர். இந்த மூன்றையாவது மனப்பாடம் செய்யுங்கள். பெண்கள் மூத்தவர்களுக்கு முழங்கால் படியிட்டு வணக்கம் சொல்வது அங்கே மரியாதை. அதைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், போட்டோ எடுக்கவும் வேண்டாம்.

பச்சை வாழைக்காயை அவித்து மசித்த மட்டோகேவும், வேர்க்கடலைக் குழம்பும், மக்காச்சோள மாவில் கிண்டின போஷோவும் வைப்பார்கள். வைத்ததைச் சாப்பிடுங்கள் என்பது ஆண்டவருடைய கட்டளை. ஊறுகாய் பாட்டிலை அவர்கள் முன்னால் திறந்து வைத்து அந்த வீட்டம்மாவின் முகத்தை வாடச் செய்யாதீர்கள்.

பிரசங்கத்தை மொழிபெயர்ப்பாளர் சொல்வார். நாற்பது நிமிஷம் கிடைத்தால் உங்களுக்கு இருபதுதான். சின்னச் சின்ன வாக்கியமாய்ப் பேசுங்கள். நம் ஊர்ப் பழமொழியும் சினிமா உதாரணமும் வேண்டாம். வகுப்பில் கடிகாரம் வைத்துப் பழகுகிறோம்.

7. பெட்டியும் பணமும் (2 கொரிந்தியர் 8:20-21)

பழைய துணி மூட்டை கட்ட வேண்டாம். கம்பாலாவின் ஓவினோ சந்தையே பழைய துணிக்குப் பேர்போனது. அந்தச் சபைக்கு என்ன வேண்டும் என்று அவர்களுடைய பாஸ்டரிடம் கேட்டு அதை மட்டும் கொண்டுபோங்கள். கம்பாலா உயரமான இடம். ராத்திரி குளிரும், ஒரு ஸ்வெட்டர் போதும்.

காணிக்கைப் பணத்தை ஒருவர் கையில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டு பேர் எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பவுலே தன்னோடு வேறு சகோதரரைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே யாருக்காவது தனியாய்ப் பணம் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். நிறைவேறாத வாக்கு ஒரு குடும்பத்தைப் பல வருஷம் காத்திருக்க வைக்கும்.

8. அனுப்புகிறவர்களே, உங்களுக்கு (3 யோவான் 5-8)

இனி மீதிப்பேரான நமக்கு. போகிறவர்களில் இரண்டு பேருக்குச் சிறு பிள்ளைகள் உண்டு. அந்த இரண்டு வாரமும் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது நம் வேலை. பெயர் கொடுக்கும் தாள் சபை வாசலில் இருக்கிறது. உகாண்டா நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே மாலை ஆறு மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தால் இங்கே இரவு எட்டரை. அந்த நேரம் ஒவ்வொரு வீட்டிலும் முழங்கால்கள் முடங்கட்டும்.

அவர்கள் திரும்பி வந்ததும் சாட்சி கேளுங்கள் (அப்போஸ்தலர் 14:26-27). "எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்ன கத்துக்கிட்டீங்க?" என்றும் கேளுங்கள்.

தியானத்திற்கும் வீட்டுக்கூட்டத்திற்கும்:

அ) எஸ்றாவும் நெகேமியாவும் வழிப்பிரயாணத்திற்கு ஆயத்தப்பட்ட விதத்தில் உள்ள வித்தியாசம் என்ன? ஒற்றுமை என்ன?
ஆ) என் விசுவாசத்தின் விலையை மற்றவர்கள் கொடுக்கும்படி நான் எங்கேயாவது செய்கிறேனா?
இ) இந்தப் பிரயாணத்தில் என் பங்கு என்ன? ஒன்றை எழுதி வையுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, போகிறவர்களுக்குத் தாழ்மையையும், அனுப்புகிறவர்களுக்குப் பாரத்தையும், வரவேற்கிறவர்களுக்குச் சந்தோஷத்தையும் தாரும். எங்கள் வார்த்தையினாலும் அஜாக்கிரதையினாலும் ஒரு சிறியவருக்கும் இடறல் வராதபடி காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

மாரநாதா!