நீடித்துழைக்கும் மடக்குக்கத்தியைத் தெரிதல்

மடக்குக்கத்தி கமக்காரரின் மடியில் நாள்தோறும் இருக்கும் சிறு கருவியாகும். வில்லுக்கத்தி எனவும் இதனை வழங்குவர். கத்தரிக்காயைக் காம்புடன் வெட்டவும், பசளைச் சாக்கின் கட்டை அறுக்கவும், குருத்துக் காய்ந்த நெற்பயிரின் தண்டைப் பிளந்து உள்ளே தண்டு துளைப்பானின் புழு உண்டோ எனப் பார்க்கவும் இது உதவுகின்றது. ஆயினும், மண்வெட்டியைத் தட்டிப் பார்த்து வாங்கும் பலர், மடக்குக்கத்தியை அதன் பளபளப்பைக் கண்டே வாங்கிவிடுகின்றனர். அவ்வாறு வாங்கிய கத்தி விரைவில் ஆடத் தொடங்கும். ஒருநாள் விரலின் மீதே மடியவும் கூடும்.

அலகு மழுங்கினால் தீட்டிக் கொள்ளலாம். மூட்டுத் தளர்ந்தாலோ கத்தி பயனற்றதாகும். ஆகவே மூட்டையே முதலிற் சோதித்தல் வேண்டும்.

கடையிற் செய்யவேண்டிய சோதனைகள்

1. கத்தியை முற்றாக விரித்து, பிடியை ஒரு கையாற் பற்றி, அலகின் முதுகை மறு கையாற் பிடித்துப் பக்கவாட்டிலும் மேலுங் கீழும் அசைத்துப் பாருங்கள். புதிதாயிருக்கும்போதே ஆடும் மூட்டு, வேலை செய்யச் செய்ய மேலும் தளரும். அத்தகைய கத்தியை விலக்குக.

2. முதுகிலுள்ள வில்லும் அலகின் அடியும் பொருந்தும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி தெரிதலாகாது. இடைவெளி இருப்பின் சேறும் பயிர்ச்சாறும் அதனுட் புகுந்து துருவை உண்டாக்கும்.

3. மடக்கியபின் அலகு பிடியின் நடுவே அமைதல் வேண்டும். நுனி சற்றேனும் வெளியே நீட்டியிருப்பின் உடையைக் கிழிக்கும்; விரலையும் குத்தும்.

4. வில்லின் அழுத்தத்தால் மட்டும் விரிந்து நிற்கும் கத்தியும் உண்டு. விரித்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தியும் உண்டு. வயல் வேலைக்குப் பின்னதே மேலானது. பிரான்சு தேசத்தின் சவோய் மலைநாட்டில் 1890 இல் யோசேப்பு ஒப்பினெல் என்பவர் ஆக்கிய எளிய மரப்பிடிக் கத்திக்கும், 1955 இல், அலகு மடியாது தடுக்கும் வளையம் சேர்க்கப்பட்டது. பூட்டுள்ள கத்தியை விரித்து, விரல்களை அலகு மடியும் வழியில் வையாது, அலகின் முதுகை மரத்துண்டொன்றில் மெல்லத் தட்டிப் பாருங்கள். பூட்டு விலகினால் அக்கத்தி வேண்டாம்.

அலகும் பிடியும்

தோட்ட வேலைக்கு 3 அங்குல நீளமும் 2 மில்லிமீற்றருக்குக் குறையாத முதுகுத் தடிப்பும் உள்ள அலகு போதுமானது. சாதாரண உருக்கு அலகு எளிதிற் கூராகும். ஆனால் விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடியா உருக்கில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாத குரோமியம் சேர்ந்திருப்பதால் அது ஈரத்தைத் தாங்கும். தீட்டுவதற்குச் சற்று அதிக நேரம் எடுக்கும். சேற்றிலும் நீரிலும் நிற்பவர்க்குத் துருப்பிடியா உருக்கே ஏற்றது. நாள்தோறும் துடைத்து எண்ணெய் பூசுபவர்க்குச் சாதாரண உருக்கும் நெடுங்காலம் உழைக்கும்.

மரப்பிடி கைக்கு இதமானதெனினும், நீரில் ஊறினால் வீங்கி அலகை இறுக்கும். பிடி மழமழப்பாக இருத்தலாகாது, ஈரக்கையில் வழுக்கும். ஆணிகளின் தலைகள் பிடியோடு சமமாக அமைந்திருத்தல் வேண்டும். கயிறு கோக்கத் துளை இருப்பின், சேற்றில் விழுந்து காணாமற் போகாது.

பேணும் முறை

மாலையில் அலகையும் பிடியின் உட்புறத்தையும் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மூட்டில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெயும், அலகிற் சிறிது தேங்காயெண்ணெயும் இடுங்கள். தீட்டும்போது அலகின் முதுகைக் கல்லிலிருந்து 4 அல்லது 5 மில்லிமீற்றர் உயர்த்தி, இரு பக்கமும் ஒரே அளவாகத் தேயுங்கள். சுழலும் சாணையில் அலகு நீலநிறமாகும்வரை சூடேறினால் உருக்கின் பதம் கெடும். பின்னர் கூர் நில்லாது. பழுத்த தக்காளியின் தோலை அழுத்தாமல் வெட்டும் கத்தியே கூரியது. மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும். நசுங்கிய காயம் ஆறத் தாமதமாகி அழுகலுக்கு இடமளிக்கும்.

கத்தியும் பயிர் நோயும்

தக்காளி, கத்தரி முதலியவற்றில் ஒரு செடி பச்சையாகவே திடீரென வாடினால், அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அதன் வெட்டுமுகம் நீரில் அமிழுமாறு பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற நூல் ஒழுகினால் அது பற்றீரியா வாடலாகும். அக்கத்தியாலேயே அடுத்த செடியை வெட்டினால் நோயை நீங்களே கொண்டு செல்வீர்கள். ஆகவே கத்தியைக் கழுவி, 70 சதவீத மதுசாரத்தால் நன்கு துடைத்து உலரவிடுங்கள். அன்றேல், வெளிற்றும் திரவம் 1 பங்கும் நீர் 9 பங்கும் கலந்து, அதில் அலகை ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள். வெளிற்றும் திரவம் உருக்கை அரிக்குமாதலால், பின்னர் நன்னீரிற் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுதல் அவசியம்.

விபத்தைத் தவிர்த்தல்

மடக்குக்கத்தியால் தகரத்தை நெம்பாதீர்கள். முதுகில் அடித்துக் கிளை தறிக்காதீர்கள். பூட்டில்லாக் கத்தியாற் குத்தித் துளைக்கவும் வேண்டாம். நுனி தடைப்பட்டால் அலகு விரலின் மீது மடியும். நெல்லறுக்க அரிவாளும் ஓலை வேலைக்குச் சத்தகமும் உள. விரல் வெட்டுண்டால் சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, காயத்தைத் துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். சேறும் எருவும் பட்ட காயத்தால் ஏற்புவலி உண்டாகலாமாதலின், வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி வேண்டுமோ எனக் கேட்டறிதல் வேண்டும்.

இப்பொழுது உங்களிடம் உள்ள கத்தியையும் முதலாவது சோதனைப்படி அசைத்துப் பாருங்கள். மூட்டு ஆடுமாயின் அதனை வேலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.