துப்பாக்கி உதிரிகளும் சட்டமும்: எழுத வரும் இளையவர்களுக்கு

அமெரிக்க நீதிமன்றச் செய்திகளைத் தமிழில் எழுத முன்வரும் தம்பி தங்கைகளே, துப்பாக்கி வழக்கு என்றதும் நீங்கள் துப்பாக்கியைத்தான் பார்க்கிறீர்கள். அங்கே பெரிய சண்டைகள் பல, அதில் மாட்டும் உதிரிகளைப் பற்றியவை. அவற்றை எழுதுமுன் சில விஷயங்கள்.

1. சட்டத்தின் வாசகத்தை முதலில் படியுங்கள். கருவி எவ்வளவு கொடியது என்பது அப்புறம். விசை ஒருமுறை இயங்கியதும், கையால் மறுபடி தோட்டா ஏற்றாமல், தானாகவே ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தால் அது இயந்திரத் துப்பாக்கி என்கிறது அமெரிக்கச் சட்டம். பம்ப் ஸ்டாக் என்பது துப்பாக்கியின் பின்பக்கத்தில் மாட்டும் நழுவுகட்டை. விரல் ஒரே இடத்தில் நிற்கும். சுடும் உதைப்பில் துப்பாக்கிதான் முன்னும் பின்னும் ஓடும். விசை விரலில் வந்து வந்து மோதும். அப்படியானால் விசை இயங்கியது ஒருமுறையா, பலமுறையா? பம்ப் ஸ்டாக் வழக்கு மொத்தமும் இந்தக் கேள்விக்குள் அடக்கம்.

2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகஸ் இசை விழாவில் இந்தக் கருவி மாட்டிய துப்பாக்கிகளால் சுட்டான் ஒருவன். 60 பேர் இறந்தார்கள். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்தியத் துறையான ஏ.டி.எஃப், அதற்கு முன்பு அனுமதித்திருந்த பம்ப் ஸ்டாக்கை 2018 டிசம்பரில் இயந்திரத் துப்பாக்கி என்று அறிவித்துத் தடை செய்தது. 2024 ஜூன் 14 அன்று கார்கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அந்தத் தடையை ரத்து செய்தது. நீதிபதி தாமஸ் எழுதிய தீர்ப்பில் விசையின் உள்ளமைப்பு வரைபடங்களாகவே இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை புதிதாக இயங்குகிறது என்பது அவர் முடிவு. சுடுபவர் செய்வது ஒரே செயல்தானே என்று கேட்ட நீதிபதி சோட்டோமயோர், தன் மறுப்பை நீதிமன்றத்திலேயே வாசித்தார். இரண்டையும் முழுதாகப் படிக்காமல் ஒரு வரி எழுதாதீர்கள்.

2. துறை எழுதும் கடிதம் சட்டம் ஆகாது. 2004-இல் ஏ.டி.எஃப் ஒரு கடிதத்தில், இரு முனையிலும் வளையம் போட்ட 14 அங்குல ஷூ கயிற்றையே இயந்திரத் துப்பாக்கி என்றது. 2007-இல் கயிறு மட்டும் அப்படி ஆகாது என்று திருத்திக்கொண்டது. ஸ்டெபிலைசிங் பிரேஸின் கதை இன்னும் நீளம். ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் கனமான கைத்துப்பாக்கியை ஒரு கையால் சுட வசதியாக, முன்கையில் பட்டை போட்டுக் கட்டும் துணைக்கருவி அது. 2012-இல் துறை ஒப்புக்கொண்டது. வாங்கியவர்கள் தோளில் வைத்துச் சுட்டார்கள். 2014-இல் அது பரவாயில்லை, 2015-இல் தவறு, 2017-இல் அவ்வளவு தவறில்லை என்றது துறை. 2023-இல் வந்த புதிய விதி பெரும்பாலானவற்றைக் குட்டை ரைஃபிள் ஆக்கியது. 2024 ஜூனில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் விதியையே ரத்து செய்தது. கருவி மாறவில்லை, அதை வைத்திருந்தவர் குற்றவாளியா என்பது மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. சாதாரண மனிதர்களை இப்படி அலைக்கழிப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்பவன் சொல்கிறேன் இதை.

3. கோடு ஏன் அங்கே விழுந்தது என்று தேடுங்கள். ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் பதிவு வேண்டும். கைத்துப்பாக்கிக்கு அந்தக் கட்டாயமில்லை. இந்தப் பதிவைக் கொண்டுவந்த 1934 மசோதாவின் முதல் வடிவில் கைத்துப்பாக்கியும் இருந்தது. ரைஃபிளை அறுத்துக் குட்டையாக்கித் தப்பிவிடக் கூடாதென்று குட்டை ரைஃபிளையும் சேர்த்தார்கள். கடைசியில் கைத்துப்பாக்கியை நீக்கினார்கள், குட்டை ரைஃபிள் மட்டும் தங்கிவிட்டது. பிரேஸ் வழக்கின் வேர் இங்கே இருக்கிறது.

4. மாநிலத்தின் பெயரை எழுதுங்கள். கார்கில் தீர்ப்பு மத்திய விதியைத்தான் நீக்கியது. கலிஃபோர்னியா, நெவாடா போன்ற மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் பம்ப் ஸ்டாக்குக்குத் தனியே தடை போட்டிருக்கின்றன.

5. வைத்திருந்தவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். பதிவில்லாத இயந்திரத் துப்பாக்கிக்குப் பத்தாண்டு வரை சிறை. ஆனால் தன் துப்பாக்கி அப்படிச் சுடும் என்பது அவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என 1994-இல் ஸ்டேப்பிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

6. ‘சட்டத்தில் ஓட்டை’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். அதை யார் அடைக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். கார்கில் தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி அலிட்டோவே, நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தலாம் என்று தனியாக எழுதினார். லாஸ் வேகஸில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்தத் திருத்தம் ஒரு கடன். துறையின் விதியை நம்பி நாடாளுமன்றம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

7. அடுத்த சண்டைக்குத் தயாராகுங்கள். 1934 சட்டத்தின் பதிவோடு 200 டாலர் வரியும் வந்தது. 1937-இல் சொன்சின்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தின் வரி அதிகாரத்தைக் காட்டித்தான் காப்பாற்றியது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டை ரைஃபிளுக்கும் வரியைப் பூஜ்யமாக்கியது, பதிவை விட்டுவைத்தது. வரியே இல்லாத பதிவு எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்று கேட்டு வழக்குகள் போட்டிருக்கிறார்கள். சொன்சின்ஸ்கி தீர்ப்பு சில பக்கங்கள்தான். இந்த வாரமே படித்துவிடுங்கள்.